பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சட்டம் போட்ட கதை



போன வாரம் கொரோனா காலத்துப் பள்ளி மூடலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் இப்போது ஆசிரியர். "திறந்திருந்தா எத்தனை வீட்ல சாவு விழுந்திருக்கும் சார்?" என்கிறார். இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறார். "என் பையன் ரெண்டு வருஷம் எழுத்தையே மறந்துட்டான் சார், அதுக்கு யார் பதில் சொல்றது?" என்கிறார். இரண்டு பேருமே என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அதைப் படித்ததும் நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு விவாதம் ஞாபகம் வந்தது. அதே சண்டையை ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் போட்டது, சட்டமே இயற்றியது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம்தான். முப்பத்து மூன்று வருஷம் வரலாறு எடுத்தவன் சுருக்கமாகப் பேசுவான் என்று நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். ராலே, டர்ஹம் என்று இரண்டு நகரங்கள் அடுத்தடுத்து இருக்கும் வட்டாரம். மகளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை, வீட்டிலிருந்து செய்ய முடியாது. மருமகன் கணினிக்காரர், ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் சாயங்காலம்தான் வெளியே வருவார். பேரன் இரண்டாம் வகுப்பு. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் தாத்தாவை வரவழைத்தார்கள்.

பள்ளிக்கூடம் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. மடிக்கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிள்ளைகளின் முகம். அந்த டீச்சரம்மா பாவம், பாட்டுப் பாடுவார், பொம்மை காட்டுவார், ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதில் மூன்று கட்டங்கள் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். பெயர் மட்டும் இருக்கும், முகம் வராது. கூப்பிட்டால் பதில் வராது. முதல் வாரம் இரண்டு பிள்ளைகளின் குரலாவது எப்போதாவது கேட்டது. ஜனவரிக்குப் பிறகு அதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் இதை என்னவென்று போடுவது? வந்தது என்றா, வரவில்லை என்றா? எனக்கு அந்த மூன்று கறுப்புக் கட்டங்கள்தான் மனதில் நின்றன.

மாலையில் நடக்கப் போகும்போது இரண்டு பேருடன் பழக்கம் ஏற்பட்டது. ஒருவர் பக்கத்து வீட்டு அம்மா. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. கணவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "நான் வகுப்புக்குப் போவேன். ஆனால் எதை வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று யார் எனக்கு உத்தரவாதம் தருவார்கள்?" என்பார். இன்னொருவர் தெருக்கோடி வீட்டுப் பெண். கடையில் வேலை. மகனுக்கு ஆட்டிசம். பள்ளியில் தனிப் பயிற்சி கிடைத்துக்கொண்டிருந்த பையன், திரையைப் பார்த்தாலே கத்துவானாம். பத்து மாதத்தில் பேசத் தெரிந்த வார்த்தைகளையும் விட்டுவிட்டான் என்று சொல்லி அழுதார். கடை திறந்திருக்கிறது, மதுக்கூடம் திறந்திருக்கிறது, பள்ளிக்கூடம் மட்டும் மூடியிருக்கிறதே என்பது அவர் கேள்வி.

இந்த இரண்டு பேர் கேள்வியும்தான் அந்த வருஷம் பிப்ரவரியில் ராலேயில் உள்ள சட்டமன்றத்துக்குப் போனது.

அதற்கு முன்னால் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கவர்னர் என்றால் நம் ஊர் கவர்னர் மாதிரி நியமனம் ஆனவர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சட்டமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அப்போது கவர்னர் ராய் கூப்பர், ஜனநாயகக் கட்சி. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கு. செனட் தலைவர் ஃபில் பெர்கர், பிரதிநிதிகள் அவைத் தலைவர் டிம் மூர்.

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம், அதாவது வீட்டோ, அமெரிக்க மாநில கவர்னர்களிலேயே கடைசியாகக் கிடைத்தது வட கரோலைனா கவர்னருக்குத்தான். 1996இல் மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கவர்னர்கள் ஆண்ட காலத்து அனுபவத்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு கவர்னர் என்றாலே ஒரு சந்தேகம். கொடுத்தபோதும் நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அவை நடந்துகொண்டிருக்கும்போது மசோதா வந்தால் 10 நாளைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது காரணம் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். மேஜையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும். இதைப் படித்து சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. மேலே போவோம்.

2020 மார்ச் 14 அன்று கூப்பர் ஒரு நிர்வாக ஆணை போட்டு, மாநிலத்தின் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் 16ஆம் தேதியிலிருந்து மூடினார். முதலில் இரண்டு வாரம் என்றார்கள். அப்புறம் கல்வியாண்டு முழுவதும் என்று ஆனது. சுமார் 15 லட்சம் பிள்ளைகள், 115 பள்ளி மாவட்டங்கள். ஜூலையில் மூன்று திட்டங்களை அறிவித்தார்கள். 'ஏ' என்றால் முகக்கவசத்துடன் எல்லோரும் தினமும் வரலாம், இடைவெளிக் கட்டுப்பாடு குறைவு. 'பி' என்றால் ஆறடி இடைவெளி கட்டாயம், அதனால் பாதிப் பிள்ளைகள் மாறி மாறி வருவார்கள். 'சி' என்றால் முழுக்கத் திரைவழிப் பாடம். முதலில் 'பி' அல்லது 'சி', எது வேண்டுமோ அந்தந்த மாவட்ட வாரியம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்டோபரில் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 'ஏ'வும் அனுமதிக்கப்பட்டது.

ஒரே மாநிலத்தில் ஒரு மாவட்டத்துப் பிள்ளை தினமும் பள்ளிக்குப் போனான், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனியார் பள்ளிகள் பல திறந்திருந்தன. ஆக, வசதி இருந்தால் வகுப்பறை, இல்லாவிட்டால் மேஜை.

2021 பிப்ரவரி 2 அன்று கூப்பரே, எதிர்க்கட்சியைச் சேர்ந்த மாநிலக் கல்வித் தலைவர் கேத்தரின் ட்ரூயிட்டை அருகில் வைத்துக்கொண்டு, மாவட்டங்கள் பள்ளியைத் திறக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வேண்டுகோள்தான், கட்டளை இல்லை. வேண்டுகோள் போதாது, சட்டம் வேண்டும் என்றது சட்டமன்றம். 'செனட் மசோதா 37' வந்தது. எல்லா மாவட்டமும் நேரடி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும், 'ஏ' அல்லது 'பி' எதுவானாலும் சரி. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு 'ஏ' கட்டாயம். விரும்பாத பெற்றோருக்குத் திரைவழிப் பாடமும் தொடரும். பிப்ரவரி 17 அன்று நிறைவேறியது. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மூன்று பேரும் ஆதரித்தார்கள்.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே ஆய்வு. டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் நடத்தியது. மாநிலத்தின் 11 மாவட்டங்களில், ஒன்பது வாரம், பள்ளிக்கு நேரில் வந்த 90,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் பணியாளர்களையும் கவனித்தார்கள். வெளியே எங்கோ தொற்றிக்கொண்டு வந்தவர்கள் 773 பேர். பள்ளிக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியது என்று கண்டறிந்தது 32 மட்டுமே. பள்ளிக்குள் பிள்ளையிடமிருந்து பெரியவருக்குத் தொற்றியதாக ஒன்றுகூட இல்லை. ஜனவரியில் குழந்தை மருத்துவ இதழில் வெளியானது.

"பாருங்கள், பள்ளி பாதுகாப்பான இடம்" என்றது ஒரு தரப்பு. "முழுசாகப் படியுங்கள், அந்தப் பள்ளிகள் முகக்கவசம் போட்டு, இடைவெளி விட்டு நடந்தவை. அதை வைத்துக்கொண்டு இடைவெளியே இல்லாத 'ஏ' திட்டத்துக்கு எப்படிப் போவீர்கள்?" என்றது மறு தரப்பு. ஒரே தாளை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். நான் பேரனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே இதையெல்லாம் செய்தியில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு பக்கம் சரி என்று தோன்றும், மறுநாள் மறுபக்கம்.

ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள்? அந்த மாநில ஆசிரியர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 1959இல் போட்ட சட்டப்படி அங்கே அரசு ஊழியர் சங்கத்துடன் அரசு கூட்டு ஒப்பந்தம் போடவே முடியாது, போட்டால் செல்லாது. வேலைநிறுத்தமும் சட்டவிரோதம். ஆசிரியர் சங்கம் இருக்கிறது, அறிக்கை விடலாம், மனு கொடுக்கலாம். அதற்கு மேல் இல்லை. அவர்கள் கேட்டது முதலில் தடுப்பூசி. பிப்ரவரி 24 அன்றுதான் ஆசிரியர்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பள்ளியைத் திறக்கும் மசோதா நிறைவேறிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா, "என்னைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது, என் கைக்கு ஊசி இன்னும் வரவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் இலையைக் கூட்டிக்கொண்டே சொன்னார்.

பிப்ரவரி 26 அன்று கூப்பர் மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு காரணம் சொன்னார். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கும் 'ஏ' திட்டத்தை இது அனுமதிக்கிறது, அது சுகாதாரத் துறை வழிகாட்டலுக்கு விரோதம். இரண்டாவது, நிலைமை மோசமானால் மாநிலமும் உள்ளூரும் தலையிட முடியாதபடி கையைக் கட்டுகிறது. திறக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவசரத்தில் மூடும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை.

மறுப்பை உடைக்க வாக்களிப்பவர்களில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். செனட்டில் மொத்தம் 50 பேர். மார்ச் 1 அன்று 49 பேர் வாக்களித்தார்கள். 30 ஓட்டு வேண்டும். கிடைத்தது 29. மசோதாவை முதலில் ஆதரித்த மூன்று ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஒருவர் மறுபடியும் அதே பக்கம் நின்றார். ஒருவர் மாறி ஓட்டுப் போட்டார். ஒருவர் அன்று அவைக்கு வரவில்லை. 15 லட்சம் பிள்ளைகளின் விஷயம் ஒரே ஓட்டில் நின்றது.

மறுநாள் காலை இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியா, வருத்தமா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை நினைத்தால் நிம்மதி. தெருக்கோடிப் பெண்ணை நினைத்தால் வருத்தம். அன்று மாலை அந்தப் பக்கம் நடக்கவே போகவில்லை.

அடுத்த பத்து நாளில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூப்பர், பெர்கர், மூர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மார்ச் 10 அன்று ஒன்றாகப் பத்திரிகையாளர்கள் முன் வந்து உடன்பாடு என்று அறிவித்தார்கள். மறுநாளே 'செனட் மசோதா 220' எதிர்ப்பு ஓட்டே இல்லாமல் இரண்டு அவையிலும் நிறைவேறியது. அன்றே கவர்னர் கையெழுத்திட்டார்.

என்ன மாறியது? மழலை வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லா மாவட்டமும் 21 நாளுக்குள் 'ஏ' திட்டத்தில் திறக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் 'ஏ'வா 'பி'யா என்று மாவட்டமே முடிவு செய்யலாம். 'ஏ' எடுத்தால் சுகாதாரத் துறைக்குத் திட்டத்தைக் கொடுத்து, அந்த டியூக் மருத்துவர் குழுவுடன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பரவினால் அது பதிவாகும். சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு 'ஏ' கட்டாயம். பயப்படும் பெற்றோருக்குத் திரைவழிப் பாடம் உண்டு. சாவி விஷயம் என்ன ஆனது? நிலைமை மோசமான ஒரு மாவட்டத்தை கவர்னர் மூடலாம். மாநிலம் முழுவதையும் ஒரே ஆணையில் மூட முடியாது.

கொஞ்சம் கவனியுங்கள். பழைய மசோதாவுக்கும் புதியதற்கும் நடுவே மூன்றே வாரம். அதற்குள் ஆசிரியர்களுக்கு ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள், தொற்றும் குறைந்துகொண்டிருந்தது. சின்ன வகுப்புக்கு முந்தைய மசோதாவைவிட இது இன்னும் கறாரானது, ஏனென்றால் 'பி' என்ற சந்துவழி அடைபட்டுவிட்டது. பெரிய வகுப்புக்கு மருத்துவர் கண்காணிப்பு சேர்ந்தது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தது, இரண்டு பக்கமும் ஒன்று வாங்கியது. மார்ச் 19 அன்று மத்திய நோய்த் தடுப்பு மையம், முகக்கவசம் இருந்தால் வகுப்பறையில் மூன்றடி இடைவெளி போதும் என்று ஆறடியைத் தளர்த்தியது. பரவல் கடுமையாக உள்ள ஊர்களில் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் ஆறடியே தொடர்ந்தது. எட்டு நாள் முன்பு வரை எந்த அளவை வைத்து அடித்துக்கொண்டார்களோ, அந்த அளவே மாறிப்போனது.

மற்ற மாநிலங்கள் வேறு வழிகளில் போயின. ஃப்ளோரிடாவில் 2020 ஜூலையிலேயே கல்வி ஆணையர் ரிச்சர்ட் கோர்கரன் ஆணை போட்டார், ஆகஸ்டில் வாரம் ஐந்து நாளும் பள்ளி திறக்க வேண்டும் என்று. ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டது. ஆகஸ்டில் கீழ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம், அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம். அயோவாவில் கவர்னர் கிம் ரெனால்ட்ஸ் 2021 ஜனவரி 29 அன்று ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெற்றோர் கேட்டால் முழுநேர நேரடி வகுப்பு தந்தே ஆக வேண்டும், பிப்ரவரி 15 முதல். கலிஃபோர்னியாவில் சங்கங்கள் பலமானவை, கட்டாயப்படுத்த முடியாது. அதனால் மார்ச் 5 அன்று கவர்னர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம் பணத்தால் பேசியது. மொத்தம் 660 கோடி டாலர். அதில் 200 கோடி நேரடி வகுப்புக்கு. ஏப்ரல் 1க்குள் சின்ன வகுப்புகளைத் திறக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் பங்கில் 1 சதவீதம் வெட்டு. கூடவே ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி ஒதுக்கீடு. இது பணக்காரப் பகுதிகளுக்குத்தான் லாபம், தொற்று அதிகமுள்ள ஏழைப் பகுதிகள் திறக்க முடியாமல் பணத்தையும் இழக்கும் என்று லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது.

ஒரு மாநிலம் ஆணையிட்டது, ஒன்று பெற்றோருக்கு உரிமை கொடுத்தது, ஒன்று காசு காட்டியது, ஒன்று சண்டை போட்டு உட்கார்ந்து பேசியது.

இதற்கு முன்னால் இப்படி நடந்ததே இல்லையா? 1918 இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன் மூன்றும் மூடவில்லை. நியூயார்க் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட். அந்த நகரத்தில் அப்போது சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள், அதில் ஏழரை லட்சம் பேர் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். அந்த இருட்டு அறையைவிட வெளிச்சமும் காற்றும் உள்ள பள்ளிக்கூடம் மேல் என்பது வாதம். குழந்தைகள் நலப் பிரிவின் தலைவி டாக்டர் ஜோசஃபின் பேக்கரும் திறந்தே வைக்கச் சொன்னார். ஆனால் ஏற்பாடு இருந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார்கள். சந்தேகம் என்றால் தனியாக உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். பின்னாலேயே சுகாதாரத் துறை ஆள் வீட்டுக்குப் போவார். அதற்கு முந்தைய பல வருஷங்களாகப் பள்ளிக்குள் மருத்துவர், செவிலியர் என்று கட்டி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

1937இல் சிகாகோவில் இளம்பிள்ளை வாதம் பரவியது. செப்டம்பரில் பள்ளி திறப்பதைத் தள்ளிப்போட்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம். ஆறு நிலையங்கள் நேரம் ஒதுக்கின. பாட அட்டவணை நாளிதழில் வரும். சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீடுகளின் பிள்ளைகள் அப்போதும் விட்டுப்போனார்கள். நான் பார்த்த கறுப்புக் கட்டங்கள் 1937லேயே இருந்திருக்கின்றன.

ஆனால் அந்தக் காலத்தில் முடிவை எடுத்தது நகரச் சுகாதார அதிகாரி. 2021இல் சட்டமன்றங்கள். இந்த மாற்றம் நல்லதா? மருத்துவ விஷயத்தை ஓட்டுக்கு விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சட்டம் மெதுவானது, வைரஸ் வேகமானது. மூன்றடியா ஆறடியா என்பதைச் சட்டத்தில் எழுதினால் எட்டு நாளில் பழசாகிவிடும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1997இல் 'லியாண்ட்ரோ' வழக்கில், ஒவ்வொரு பிள்ளைக்கும் உருப்படியான அடிப்படைக் கல்வி பெறும் வாய்ப்பு மாநில அரசியல் சட்டம் தரும் உரிமை என்று வட கரோலைனா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழை மாவட்டங்கள் போட்ட வழக்கு அது. உரிமை என்று வந்துவிட்டால், அதை ஒரு வருஷம் நிறுத்திவைக்கும் முடிவை ஒருவர் மட்டும் எடுக்கலாமா? யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பதிவாகும் இடத்தில் அது நடப்பது நல்லதுதானே?

பின்னால் என்ன தெரியவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் வெளியான தேசியத் தேர்வு முடிவில் நான்காம் வகுப்புக் கணக்கு 5 புள்ளி, எட்டாம் வகுப்புக் கணக்கு 8 புள்ளி இறங்கியது. 1990இல் அந்தத் தேர்வு தொடங்கியதிலிருந்து கணக்கில் அவ்வளவு பெரிய இறக்கம் இல்லை. சீக்கிரம் திறந்த மாநிலங்கள் எல்லாம் தப்பித்தன என்றும் சொல்ல முடியாது, அவையும் இறங்கின. ஆனால் மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தபோது, நீண்ட நாள் திரைவழியில் இருந்த ஏழை மாவட்டங்களுக்குத்தான் அடி அதிகம் என்று ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே ஏழைப் பகுதிகளில்தான் கொரோனா சாவும் அதிகம். திறக்க வேண்டாம் என்று பயந்தவர்களிலும் கறுப்பினப் பெற்றோர் அதிகம். சொந்தத்தில் சாவு பார்த்தவர்கள் பயந்ததில் என்ன ஆச்சரியம்? பள்ளி அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது, பள்ளியை நம்ப முடியாமல் போனதும் அவர்களுக்குத்தான்.

மார்ச் நடுவில் பேரனின் பள்ளி திறந்தது. காலையில் நானே நடத்திக் கூட்டிப்போனேன். வாசலில் நெற்றியில் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டார்கள். சாயங்காலம் வந்ததும் அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டேன். இரண்டு பேர் வந்துவிட்டார்களாம். ஒருவன் பல் விழுந்து உயரமாகிவிட்டானாம். மூன்றாவது பெயரை டீச்சர் கூப்பிடவே இல்லையாம். ஊர் மாறிப் போய்விட்டார்களா, வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களா, தெரியாது. நான் மே மாதம் ஊர் திரும்பும்வரை வாரம் ஒரு தடவை கேட்பேன். "வரலை தாத்தா" என்பான்.

பக்கத்து வீட்டு அம்மா ஊசி போட்டுக்கொண்டு ஏப்ரலில் வகுப்புக்குப் போனார். வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் துணி மாற்றிக்கொண்டுதான் கணவர் இருக்கும் பக்கம் போவார். தெருக்கோடிப் பெண்ணின் மகன் மஞ்சள் பஸ்ஸில் ஏறுவதை ஒரு நாள் பார்த்தேன். அவர் எனக்குக் கை காட்டினார்.

இங்கே நம் ஊரில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. நடுவில் 2020 நவம்பர் 9 அன்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள், பெரிய வகுப்புகளின் திறப்பு தள்ளிப்போனது. எல்லாம் அரசாணை, அறிவிப்பு. அப்போது எடுத்த முடிவு தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டாம் அலையைப் பார்த்தவன் அப்படி எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால் என் இரண்டு மாணவர்களும் இத்தனை வருஷம் கழித்து என் பதிவுக்குக் கீழே போடும் சண்டையை, அப்போதே அவர்களுக்காக அவையில் யாராவது போட்டிருக்கலாம். இரண்டு பக்கத்தையும் பேசவிட்டு, ஓட்டை எண்ணி, தோற்றபின் மறுபடி உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

அடுத்த தடவை இப்படி ஒரு நோய் வந்தால் என்ன செய்வது? 1918 நியூயார்க் சொல்வது இதுதான்: நோய் வந்தபிறகு பள்ளிக்கு செவிலியர் தேட முடியாது. கழிப்பறையும் தண்ணீரும் ஜன்னலும் முன்னாலேயே இருக்க வேண்டும். வட கரோலைனா சொல்வது, சாவி யாரிடம் என்பதை நோய் வருவதற்கு முன்னாலேயே பேசி வைக்க வேண்டும் என்பது. இதில் ஒன்றுக்கும் பெரிய செலவில்லை, முன்யோசனைதான் வேண்டும்.

ஆசிரியராக இருக்கும் மாணவரே, ஆட்டோ ஓட்டும் மாணவரே, இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு வாப்பா. அவனுக்கு இப்போது எழுத்து எப்படி வருகிறது என்று நானே பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு வேலை ஒன்றுமில்லை.

மற்றவர்கள் அந்த இரண்டு வருஷத்தில் உங்கள் பிள்ளைக்கு, உங்கள் வகுப்புக்கு என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பதில் போடத்தான் கொஞ்சம் தாமதமாகும், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.